எந்த மீட்டரில் ஏறுகிறது?

திருப்பூரில் நான் வேலை பார்க்கும் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் இரண்டாம் தளத்தில், மாடிப்படியை ஒட்டினாற்போல, எட்டுக்குப் பத்து அடியில் ஓர் அறை இருந்தது. ‘சர்வர் அறை, செருப்பைக் கழற்றவும்’ என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தோம். உள்ளே இரண்டு சர்வர்கள், ஒரு யூ.பி.எஸ்., அதற்கான பேட்டரிகள், எதிரெதிர்ச் சுவர்களில் ஒன்றரை டன் ஏ.சி. இரண்டு. ஏ.சி.க்கள் முறைவைத்து ஓடும்; பகலில் ஒன்று, இரவில் மற்றொன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் தையல் பிரிவு மூடியிருக்கும், தீபாவளிக்கு ஊரே ஒரு வாரம் அடங்கியிருக்கும், அந்த அறை மட்டும் நிற்காது. பதினோரு ஆண்டுகள் அதன் சாவி என்னிடம் இருந்தது.

ஒரு நாள் எலக்ட்ரீஷியனிடம் கிளாம்ப் மீட்டரை வாங்கி அளந்து பார்த்தேன். இரண்டு சர்வர்களும் சேர்ந்து 600 வாட் இழுத்தன; நாளொன்றுக்குப் பதினான்கரை யூனிட். அவை சூடேறாமல் காத்த ஏ.சி.க்கு இருபது யூனிட்டுக்கு மேல் ஆயிற்று. யூ.பி.எஸ். தன் பங்குக்கு ஒன்றரை யூனிட்டை வெப்பமாக விட்டது. கணக்குப் போடும் வேலைக்கு ஒரு யூனிட் செலவானால், அந்த வேலை நடக்கும் அறையைப் பராமரிக்க இன்னும் ஒன்றரை யூனிட். மொத்த மின்சாரத்தைக் கணினிகள் மட்டும் எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணை இத்துறையில் பி.யூ.இ. என்பார்கள். எங்கள் அறைக்கு அது 2.5. கொஞ்ச நாள் வெட்கமாக இருந்தது. தரவு மையங்களை, அதாவது சர்வர்களுக்கென்றே கட்டிய பெரிய கட்டடங்களை, ஆராயும் அப்டைம் இன்ஸ்டிட்யூட் என்ற அமைப்பு 2007இல் அவற்றிடம் எடுத்த கணக்கெடுப்பிலும் சராசரி 2.5 என்றே வந்திருந்தது என்று பிறகு படித்தபோது வெட்கம் சற்றுக் குறைந்தது.

2018இல் அந்த அறையை மூடினோம். எங்கள் ஐரோப்பிய வாடிக்கையாளர், ஆர்டர் முதல் கப்பலேற்றம் வரையிலான எல்லாத் தகவலும் தங்கள் கண்டத்திலேயே இருக்கும் ஒரு மென்பொருளில் ஏற வேண்டும் என்று சொல்லிவிட்டார். மற்ற வேலைகளும் ஒவ்வொன்றாக வாடகை கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் வேறோர் இடத்துச் சர்வர்களுக்குப் போயின. மாதம் ஆயிரம் யூனிட்டுக்கு மேல் குறைந்தது. ஈ.பி. பில்லைப் பார்த்த முதலாளிக்கு மகிழ்ச்சி. “பரவால்லீங்க தம்பி, சத்தமில்லாம கரண்டு மிச்சமாயிருச்சே,” என்றார். மென்பொருள் நிறுவனத்தின் பொறியாளரிடம், இப்போது எங்கள் தகவலெல்லாம் எந்த ஊரில் இருக்கிறது என்று தொலைபேசியில் கேட்டேன். “டப்ளின் சார்” என்றார்.

டிஜிட்டல் தொழில்நுட்பம் ஒரு நாட்டின் ஆற்றல் செலவைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்ற விவாதத்தை அன்றிலிருந்து கவனித்து வருகிறேன். கூட்டுகிறது என்பவர்களிடமும் குறைக்கிறது என்பவர்களிடமும் நல்ல ஆதாரங்கள் இருக்கின்றன. இரு தரப்பும் வெவ்வேறு மீட்டர்களைப் பார்த்துக்கொண்டு பேசுகின்றன என்பதே என் எண்ணம். எங்கள் மீட்டரில் இறங்கியது டப்ளினில் ஒரு மீட்டரில் ஏறியது. ஏறியது எவ்வளவு, இறங்கியதைவிடக் குறைவா, அதற்கான கம்பியையும் மின்நிலையத்தையும் யார் தலையில் வைக்கிறார்கள் என்று கேட்காமல் ‘மிச்சம்’ என்ற சொல்லைப் பயன்படுத்த எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

டப்ளினைத் தலைநகராகக் கொண்ட அயர்லாந்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 55 லட்சம். கம்பெனிகளுக்கு நீண்ட காலம் 12.5 சதவீத வரி, ஆங்கிலம் பேசும் ஊழியர்கள், அட்லாண்டிக்கைக் கடக்கும் கேபிள்கள், ஆண்டின் பெரும்பகுதி ஜன்னலைத் திறந்துவிட்டாலே சர்வர் குளிர்ந்துவிடும் வானிலை என எல்லாம் ஓரிடத்தில் கூடியதால், அமெரிக்கப் பெருநிறுவனங்கள் ஐரோப்பாவுக்கான தங்கள் தரவு மையங்களை டப்ளினின் மேற்குப் புறநகர்களில் கட்டின. கிளோண்டால்கின், கிரேஞ்ச் காசில் பக்கம் ஜன்னலில்லாத சாம்பல்நிறக் கட்டடங்கள் வரிசையாக எழுந்தன. அந்நாட்டின் மத்தியப் புள்ளியியல் அலுவலகம் தரவு மையங்களின் மின்பயன்பாட்டைத் தனியே பிரித்து வெளியிடுகிறது. 2015இல் அவை 123.8 கோடி யூனிட் எடுத்தன. நாட்டின் மொத்தப் பயன்பாட்டில் 5 சதவீதம். 2023இல் 633.4 கோடி யூனிட், 21 சதவீதம். அதே ஆண்டில் அயர்லாந்தின் நகர்ப்புற வீடுகள் அத்தனையும் சேர்ந்து எடுத்தது 18 சதவீதம்தான். 2024இல் தரவு மையங்களின் பங்கு 22 சதவீதமாயிற்று.

இந்த எண்களை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போடலாம். 123.8 கோடி என்பது 5 சதவீதம் என்றால் 2015இன் மொத்தம் சுமார் 2,480 கோடி யூனிட், 633.4 கோடி என்பது 21 சதவீதம் என்றால் 2023இன் மொத்தம் சுமார் 3,020 கோடி. எட்டு ஆண்டுகளில் கூடியது ஏறத்தாழ 540 கோடி. தரவு மையங்களில் மட்டும் கூடியது 510 கோடி. சதவீதங்கள் முழு எண்ணாக்கப்பட்டவை என்பதால் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். ஆனாலும் சேதி தெளிவு: வீடு, கடை, பண்ணை, தொழிற்சாலை எல்லாம் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்க, ஒரு நாட்டின் மின்தேவை ஒரே ஒரு தொழிலால் உயர்ந்திருக்கிறது. அந்தத் தொழில் சேவை செய்வதும் அயர்லாந்துக்காரர்களுக்கு மட்டும் இல்லை. பெர்லினில் ஒருவர் பார்க்கும் படமும், மிலானில் ஒரு வங்கியின் காப்புப்பிரதியும், திருப்பூரின் டி-ஷர்ட் ஆர்டரும் அந்த 21 சதவீதத்துக்குள் அடக்கம்.

மின்தொடரமைப்பை நடத்தும் அயர்கிரிட் நிறுவனத்துக்கு இது சதவீதப் பிரச்சினையாக வரவில்லை, இடப் பிரச்சினையாக வந்தது. சுமை டப்ளினைச் சுற்றி மட்டும் குவிந்தது. காற்றாலைகளோ பெரும்பாலும் மேற்குக் கரையில். 2021 நவம்பரில் அந்நாட்டின் ஒழுங்குமுறை ஆணையம் ஓர் உத்தரவு போட்டது: புதிய தரவு மையம் நெருக்கடியான பகுதியில் வருகிறதா, தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உற்பத்தி செய்யுமா, கேட்டுக்கொண்டால் சுமையைக் குறைக்குமா என்பதைப் பார்த்த பிறகே இணைப்பு. டப்ளின் வட்டாரத்தில் புதிய இணைப்புகள் 2028 வரை நடைமுறையில் நின்றுபோயின. மின்கம்பி கிடைக்காத சிலர் இயற்கை எரிவாயுக் குழாயை வாங்கிக்கொண்டு வளாகத்திலேயே ஜெனரேட்டர் வைக்கப் போனார்கள். பசுங்குடில் வாயுக்களை 2018ஐ ஒப்பிட 2030க்குள் 51 சதவீதம் குறைப்பதென்று அந்நாடு சட்டம் போட்ட அதே 2021இல்தான் இந்தக் கூத்தும் தொடங்கியது. நல்ல செய்தியும் உண்டு: டப்ளினின் டாலா பகுதியில் ஒரு தரவு மையத்திலிருந்து வெளியேறும் வெப்பத்தைக் குழாய் வழியே கொண்டுபோய் உள்ளாட்சி அலுவலகக் கட்டடங்களையும் ஒரு பல்கலைக்கழக வளாகத்தையும் சூடாக்குகிறார்கள், 2023இல் அது தொடங்கியது. நம் ஊரில் அந்த வெப்பத்தை யாரும் வாங்க மாட்டார்கள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு டிஜிட்டல் என்றாலே மின்சாரம் தின்னும் பூதம் என்று முடித்துவிட்டால், அந்தத் தவறை ஒரு முறை செய்து பார்த்தவர்களின் கதையை மறந்ததாகும். 1999இல் அமெரிக்காவின் வணிக இதழொன்றில் பீட்டர் ஹியூபரும் மார்க் மில்ஸும், பத்தாண்டுகளுக்குள் நாட்டின் மின்சாரத்தில் பாதி இணையப் பொருளாதாரத்துக்கே போய்விடும், ஆகவே நிலக்கரியை இன்னும் தோண்டுங்கள் என்ற பொருளில் எழுதினார்கள். அடுத்த இரு ஆண்டுகளில் கலிஃபோர்னியாவில் மின்வெட்டு வந்தபோது பலரும் சிலிக்கான் பள்ளத்தாக்கைக் கைகாட்டினார்கள். அரைகுறையாகத் திறந்துவிடப்பட்ட மின்சந்தையும், என்ரான் போன்ற வணிகர்கள் அதில் ஆடிய சூதாட்டமும்தான் காரணம் என்பது பின்னர் விசாரணைகளில் வெளிவந்தது. லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் ஜொனாதன் கூமியும் சக ஆய்வாளர்களும் கருவி கருவியாக அளந்து கூட்டியபோது, அமெரிக்க அலுவலகக் கணினிகளும் தொலைத்தொடர்புக் கருவிகளும் எல்லாமாகச் சேர்ந்து நாட்டின் மின்சாரத்தில் 3 சதவீதம் அளவுக்கே வந்தன. பாதி என்று சொன்ன பத்தாண்டு கடந்தது, பாதி வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் சுவையானது. 2010க்கும் 2018க்கும் இடையே உலகத் தரவு மையங்களில் நடந்த கணினி வேலை 550 சதவீதம் கூடியது, ஆனால் அவற்றின் மின்செலவு 6 சதவீதம் மட்டுமே கூடியது என்று எரிக் மசானெட் குழுவினர் 2020இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். இதைப் படித்தபோது எங்கள் சர்வர் அறை நினைவுக்கு வந்தது. அந்த இரண்டு சர்வர்களின் செயலி பெரும்பாலான நேரம் பத்து சதவீதம்கூட வேலை செய்யவில்லை. மாதக் கடைசியில் சம்பளக் கணக்கு ஓடும்போது மட்டும் மூச்சு வாங்கும். ஆனால் சும்மா இருந்தாலும் ஏறத்தாழ அதே மின்சாரம், அதே ஏ.சி. பெரிய தரவு மையம் ஒன்றில் நூறு நிறுவனங்களின் வேலையை ஒரே இயந்திரத்தில் அடுக்கி வைப்பார்கள். அவற்றில் சிறந்தவற்றின் பி.யூ.இ. 1.1. ஆக, எங்கள் மீட்டரில் ஒரு யூனிட் இறங்கியபோது டப்ளினில் ஏறியது அதில் சிறு பகுதிதான். எங்களுடையதைப் போன்ற லட்சக்கணக்கான அறைகள் உலகெங்கும் மூடப்பட்டதால்தான் அந்த எட்டு ஆண்டுகளின் அற்புதம் நடந்தது.

ஆனால் ஓர் அறையை ஒரு முறைதான் மூட முடியும். 2.5ஐ 1.1 ஆக்கியவன் அதை 0.5 ஆக்க முடியாது. ஒன்றுக்குக் கீழே இறங்க இயற்பியல் விடாது. அந்தச் சேமிப்பு தீர்ந்துவந்த வேளையில் செயற்கை நுண்ணறிவுக்கான கிராஃபிக்ஸ் சிப்புகள் வந்தன. அவை சும்மா இருப்பதில்லை. அமெரிக்கத் தரவு மையங்கள் 2014இல் 5,800 கோடி யூனிட் எடுத்தன, 2023இல் 17,600 கோடி, அதாவது நாட்டின் பயன்பாட்டில் 4.4 சதவீதம் என்று அதே பெர்க்லி ஆய்வகம் 2024 டிசம்பரில் அறிக்கை தந்தது. 1999இல் புலி வருகிறது என்று கத்தியவர்கள் தவறிப்போனதால் இப்போதும் புலி வராது என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களிடம் அந்த இரண்டு எண்களை மட்டும் காட்டுகிறேன்.

எதிர்ப்பக்கத்துக் கணக்கு, அதாவது டிஜிட்டலால் மிச்சமாவது எவ்வளவு என்பது, இதைவிடச் சிக்கலானது, ஏனென்றால் அதற்கு முகவரி கிடையாது. எங்கள் துணிக்குச் சாயம் போடும் ஆலையில் ஸ்டென்டர் இயந்திரம் ஒன்று உண்டு. ஈரத்துணியைச் சூடான காற்றால் உலர்த்தி அகலம் பிடித்து எடுப்பது. முன்பெல்லாம் அதன் புளோயர் மோட்டார்கள் எந்நேரமும் முழு வேகத்தில் சுற்றும். காற்று அதிகமாக இருந்தால் தகட்டைத் திருகி வழியை அடைப்பார்கள். ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டே பிரேக்கையும் பிடிப்பது போன்ற வேலை. இப்போது டிரைவ் போட்டிருக்கிறார்கள். பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிறு கணினி, தேவைக்கேற்ப மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது. காற்றாடியின் மின்தேவை வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக மாறும் என்பதால், வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்சாரம் பாதியாகிவிடும். வீட்டில் இப்போது வரும் பி.எல்.டி.சி. மின்விசிறியும் இதே வித்தைதான். 75 வாட் வேலையை 30 வாட்டில் முடிக்கிறது. இந்தச் சேமிப்பை எந்த நாட்டின் புள்ளிவிவரமும் ‘டிஜிட்டல்’ என்ற தலைப்பில் எழுதுவதில்லை. சாயத்தொழிலின் கணக்கிலோ வீட்டின் கணக்கிலோ அது சத்தமில்லாமல் கரைந்துவிடுகிறது. செலவு ஒரே கட்டடத்தில் குவிந்து நாளிதழில் படமாக வருகிறது. சேமிப்பு கோடிக்கணக்கான மோட்டார்களில் சிதறிக் கிடக்கிறது. நாடுகளை வரிசையாக வைத்து ஆராய்பவர்கள் ஓரிடத்தில் ‘குறைந்தது’ என்றும் மற்றோரிடத்தில் ‘கூடியது’ என்றும் முடிவு சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சேமித்தது சேமித்ததாகவே இருக்குமா என்பது அடுத்த கேள்வி. நீராவி இயந்திரம் சிக்கனமாக ஆக ஆகப் பிரிட்டனில் நிலக்கரிச் செலவு கூடியதை 1865இல் ஜெவன்ஸ் என்ற பொருளியலாளர் எடுத்துக்காட்டினார். எனக்கு அதைப் புரிய வைத்தவர் காங்கேயம் பக்கத்தில் தோட்டம் வைத்திருக்கும் என் பெரியப்பா. மும்முனை மின்சாரம் பகலில் ஆறு மணி நேரமும் இரவில் மூன்று மணி நேரமும் வந்துகொண்டிருந்த காலத்தில், நள்ளிரவுக்குப் பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு நடந்துபோய் மோட்டாரைப் போடுவார். பாம்புக்குப் பயந்து தடியால் தரையைத் தட்டிக்கொண்டே போவார். பிறகு மொபைல் ஸ்டார்ட்டர் வாங்கிப் பொருத்தினோம். சிம் கார்டு போட்ட ஒரு பெட்டி. கட்டிலில் படுத்தபடி அதற்கு அழைத்தால், மோட்டார் ஓடத் தொடங்கிவிட்டது என்று ஒரு பெண் குரல் சொல்லும். கிணற்றில் தண்ணீர் வற்றினால் தானே நிறுத்திவிடும். வெற்று ஓட்டத்தில் மோட்டாரின் கம்பிச்சுருள் கருகாது. முதல் ஆண்டு மிச்சம்தான். அடுத்த ஆண்டிலிருந்து, நடக்க வேண்டிய சிரமம் இல்லாததால், மின்சாரம் வரும் நேரமெல்லாம் மோட்டார் ஓடியது. 1990 முதல் தமிழ்நாட்டில் விவசாய மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லை. ஆகவே பில் வந்து எச்சரிக்கவும் வழியில்லை. நீர்மட்டம் இறங்கியது, ஐந்து குதிரைத்திறன் மோட்டார் இருந்த இடத்தில் ஏழரை வந்தது.

பக்கத்துத் தோட்டக்காரர்கள் சிலர் இன்னும் எளிதாக ஆட்டோ சுவிட்ச் போட்டுக்கொண்டார்கள். மின்சாரம் வந்த கணமே அதுவே மோட்டாரைக் கிளப்பிவிடும். ஒரு டிரான்ஸ்ஃபார்மரின் கீழுள்ள எல்லா மோட்டார்களும் ஒரே நொடியில் கிளம்பினால் என்னவாகும் என்று வயர்மேனிடம் கேட்டால் கதைகதையாகச் சொல்வார். அந்தச் சிறு பெட்டியின் மீது எனக்குக் கோபமில்லை. அது சொன்ன வேலையைச் செய்தது. அதே பெட்டியை அளவுக்கேற்ற கட்டணமுள்ள ஊரில் வைத்தால் சிக்கனக் கருவி, இலவச மின்சாரமுள்ள ஊரில் வைத்தால் செலவுக் கருவி. பெரியப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வயதில் இருட்டில் நடக்காமல் இருப்பதன் மதிப்பை எந்த யூனிட் கணக்கிலும் சேர்க்க முடியாது.

விலைதான் மீட்டரை நகர்த்துகிறது என்பதற்குக் கசகஸ்தானைவிட அப்பட்டமான சாட்சி கிடையாது. பிட்காயின் என்ற டிஜிட்டல் நாணயத்தை ஈட்டக் கணினிகளை இரவுபகலாகக் கணக்குப் போடவிடும் தொழிலைச் ‘சுரங்கம்’ என்பார்கள்; 2021இல் சீனா அதைத் தடை செய்தது. இயந்திரங்களைப் பெட்டியில் கட்டி எல்லைக்கு அப்பால் எடுத்துப் போனார்கள். மலிவான நிலக்கரி மின்சாரம் உள்ள கசகஸ்தான், அந்த ஆகஸ்டில் உலக பிட்காயின் சுரங்க வேலையில் 18 சதவீதத்தைத் தாங்கியது. குளிர்காலம் வந்ததும் நாட்டில் மின்வெட்டு. 2022 ஜனவரியில் சுரங்கக்காரர்களின் இணைப்பைத் துண்டித்தார்கள். சில மாதங்களில் ஒரு நாட்டின் மின்தேவை இன்னொரு நாட்டுக்கு விமானத்திலும் லாரியிலும் வந்து இறங்கிய கதை இது. எஃகு ஆலையை அப்படித் தூக்கிப்போக முடியாது.

இதே கண்ணோடு பார்த்தால் பணக்கார நாடுகளின் பெருமையும் சற்று மங்கும். அமெரிக்காவில் 2007க்குப் பிறகு பதினைந்து ஆண்டுகள் போல மின்பயன்பாடு ஏறக்குறைய நிலையாக நிற்க, பொருளாதாரம் மட்டும் வளர்ந்தது. எல்.ஈ.டி. விளக்குகளும் சிக்கனமான குளிர்பதனப் பெட்டிகளும் மென்பொருளும் அதற்குக் காரணம் என்பது உண்மை. தொழிற்சாலைகள் ஆசியாவுக்கு வந்ததும் உண்மை. அவர்கள் ஊர்த் துணி ஆலைகள் மூடியபோது அவர்கள் மீட்டரில் இறங்கியதில் ஒரு பகுதி எங்கள் நெசவிலும் சாயத்திலும் பாய்லரிலும் ஏறியது. அந்த ஏற்றத்தில்தான் எங்கள் ஊரின் சம்பளங்கள் வந்தன. டப்ளினுக்கு நாங்கள் அனுப்பியதும் அவர்கள் எங்களுக்கு அனுப்பியதும் ஒரே வணிகத்தின் போக்குவரத்து.

சிப் தயாரிப்பும் அப்படியே. ஒரு கைப்பேசியை நாள்தோறும் முழுதாகச் சார்ஜ் செய்தாலும் ஆண்டுக்குப் பத்து யூனிட் அளவில்தான் ஆகும். அதன் ஆயுளில் செலவாகும் ஆற்றலின் பெரும்பங்கு அது நம் கைக்கு வருமுன்பே செலவாகிவிடுகிறது. அதில் கணிசமான பங்கு தைவானின் மீட்டரில் ஓடுகிறது. அங்குள்ள டி.எஸ்.எம்.சி. என்ற ஒரே நிறுவனம் அத்தீவின் மின்சாரத்தில் ஏறத்தாழ 8 சதவீதத்தை எடுக்கிறது. அதிநுண் சிப்புகளில் கோடு வரையும் ஒளி அச்சு இயந்திரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மெகாவாட் அளவில் மின்சாரம் வேண்டும். தன் ஆற்றலில் 95 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்யும் அந்தத் தீவு, தன் கடைசி அணுஉலையை 2025 மே மாதம் நிறுத்தியது.

‘நாங்கள் நூறு சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தில் இயங்குகிறோம்’ என்ற அறிவிப்பைத் தரவு மையக்காரர்கள் வெளியிடும்போது கொங்கு நாட்டு மில்காரர்களுக்கு அதன் சூட்சுமம் உடனே புரியும். ஏனென்றால் இங்கே காற்றாலை வைத்திருப்பவர்களுக்குப் ‘பேங்கிங்’ பழக்கமான சொல். ஆரல்வாய்மொழியிலும் உடுமலைப் பக்கத்திலும் ஆடிக்காற்றில் காற்றாலை சுழலும்போது உற்பத்தியாவதை மின்வாரியத்தின் கணக்கில் வரவு வைத்துவிட்டு, மார்கழியில் காற்றில்லாத நாளில் மில் ஓடும்போது அதைக் கழித்துக்கொள்வது. பழைய காற்றாலைகளுக்கு இந்த வசதி ஆண்டு முழுவதற்கும் இருந்தது. ஏட்டில் அந்த மில் காற்றில் ஓடியது; கம்பியில் அந்த மார்கழி இரவு அதற்கு வந்தது அனல்மின் நிலையத்து மின்சாரம், அந்த வித்தியாசத்தைச் சுமந்தது வாரியம். தரவு மைய நிறுவனங்கள் பலவும் ஆண்டுக் கணக்கில் வாங்கியதையும் செலவழித்ததையும் சரிக்குச் சரி காட்டுவது இதே கணக்குமுறைதான். மணிக்கு மணி காட்டச் சொன்னால் எண் மாறும்.

சர்வதேச எரிசக்தி முகமை 2025 ஏப்ரலில் தந்த அறிக்கையின்படி, உலகத் தரவு மையங்கள் 2024இல் எடுத்தது 41,500 கோடி யூனிட், உலக மின்சாரத்தில் ஒன்றரை சதவீதம்; 2030இல் அது 94,500 கோடியைத் தொடும் என்பது அதன் மதிப்பீடு, ஜப்பான் நாடு முழுவதும் இன்று செலவிடுவதைவிடச் சற்று அதிகம். முன்கணிப்புகள் பொய்த்த வரலாற்றை மேலே நானே எழுதியிருப்பதால் இந்த இரண்டாம் எண்ணை நான் சத்தியமாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் எண்ணிலும் ‘ஒன்றரை சதவீதம்தானே’ என்ற ஆறுதல் எனக்கு இல்லை. அயர்லாந்தில் ஐந்தில் ஒரு பங்கு, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நாலில் ஒரு பங்கு என்று அது குவியும் இடத்தில் குவிகிறது. சிங்கப்பூர் 2019 முதல் சில ஆண்டுகள் புதிய தரவு மையங்களையே நிறுத்தி வைத்தது. அப்போது அவை அந்நாட்டின் மின்சாரத்தில் 7 சதவீதம்.

அடுத்த குவியல் நம் கரைக்கு வருகிறது. கடலடிக் கேபிள்கள் கரையேறும் சென்னையில் அம்பத்தூர், சிறுசேரி பக்கங்களில் தரவு மையங்கள் எழுந்துகொண்டிருக்கின்றன; தமிழக அரசு 2021இலேயே அதற்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டது. விசாகப்பட்டினத்தில் 1,500 கோடி டாலர் முதலீட்டில் ஜிகாவாட் அளவிலான வளாகத்தை 2025 அக்டோபரில் கூகுள் அறிவித்தது. முழுச் சுமையில் ஓடும் 100 மெகாவாட் வளாகம் ஒன்று ஆண்டுக்கு 87 கோடி யூனிட்டுக்கு மேல் கேட்கும். தமிழகத்தின் மின்தேவை 2024 மே 2 அன்று தொட்ட உச்சம் 20,830 மெகாவாட். அதன் முன் நூறு சிறிதுதான். ஆனால் டப்ளினின் குளிர்காற்று அம்பத்தூரில் இல்லை, சூரியத் தகடுகள் ஓய்ந்த மாலை ஏழு மணிக்கும் சர்வர் அதே அளவு கேட்கும், அந்த நேரத்தில் மின்சந்தையில் யூனிட் அதன் உச்சவரம்பான பத்து ரூபாயைத் தொடுவது உண்டு. அந்தப் பத்து ரூபாய் யார் பில்லில் போய்ச் சேர்கிறது என்பதைக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டும்போதே எழுதி வைத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. அயர்லாந்துக்காரர்களுக்குத் தங்கள் நிலைமை இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம், அவர்களின் புள்ளியியல் அலுவலகம் ஆண்டுதோறும் அந்த மீட்டர்களைத் தனியாகக் கூட்டிச் சொல்வதுதான்.

எங்கள் பழைய சர்வர் அறையில் இப்போது பட்டன், ஜிப், லேபிள் பெட்டிகளை அடுக்கியிருக்கிறோம். சென்ற மாதத்து ஈ.பி. பில்லை எடுத்து, அறையை மூடிய அடுத்த மாதத்துப் பில்லோடு வைத்துப் பார்த்தேன். அன்று குறைந்த ஆயிரம் யூனிட்டில் பெரும்பகுதி திரும்பி வந்திருந்தது. தேடிப் பார்த்ததில், கழற்றிய இரண்டு ஏ.சி.க்களில் ஒன்று முதலாளி அறைக்கும் மற்றொன்று சாம்பிள் பிரிவுக்கும் போயிருந்தது தெரிந்தது. சாம்பிள் பிரிவுக்கு மேலே சிமென்ட் ஷீட் கூரை. அதுவரை அங்கே மின்விசிறி மட்டும்தான். அங்கே இருபது ஆண்டுகளாகத் தைத்துக்கொண்டிருக்கும் டெய்லர் அண்ணனிடம் பில்லைக் காட்டி விளையாட்டாகக் கேட்டேன். “அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க,” என்றார். “சித்திரையில வெள்ளைத் துணி தைக்கறப்ப வேர்வைக் கறை படியறதில்லீங்க இப்ப.”